ஜவ்வரிசியைப் பிடித்துக்கொண்டு தமிழ்நாட்டுக்குள் போவது எப்படி?

'நமது மாநிலம்' செயல்திட்டம் என்று வகுப்பில் சொன்ன அன்று மாலையே எழுதுபொருள் கடையில் படத்தாள் விற்றுவிடும். வரையாடு, மரகதப்புறா, செங்காந்தள், பனைமரம் என்று எல்லாம் ஒரே தாளில் அச்சாகியிருக்கும். குழந்தை வெட்டும், அம்மா ஒட்டுவார், அக்கா ஸ்கெட்ச் பேனாவால் தலைப்பு எழுதுவாள். மறுநாள் குழந்தை அந்தச் சார்ட்டின் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, வகுப்புக்கு முதுகைக் காட்டி வாசிக்கும். கைதட்டுவோம். அந்தக் குழந்தைக்குத் தன் மாநிலத்தைப் பற்றி நேற்றைவிட இன்று அதிகமாக எதுவும் தெரிந்திருக்காது.

ஏற்காடு அடிவாரத்தை ஒட்டிய ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். என் மாணவர்களின் வீடுகளில் கொலுசுப் பட்டறை இருக்கிறது, காப்பித் தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் அம்மா இருக்கிறார், வெள்ளைக்கல் (மேக்னசைட்) சுரங்கத்தில் வேலை பார்த்த தாத்தா இருக்கிறார். மாநிலத்தை அறிய இவ்வளவு கையருகே இருக்கும்போது படத்தாள் எதற்கு? ஒன்பது, பத்து வயதுக் குழந்தையால் உண்மையான ஆராய்ச்சி செய்ய முடியும். அதற்கு அவர்களிடம் நாம் விடாமல் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: 'உனக்கு எப்படித் தெரியும்?' இந்தக் கட்டுரை முழுக்க அதைச் சுற்றித்தான்.

தலைப்பைச் சிறிதாக்குங்கள்

'தமிழ்நாடு' என்ற தலைப்பை ஒரு குழந்தையிடம் கொடுக்காதீர்கள். 'சேலம்' என்றுகூடக் கொடுக்காதீர்கள். கையில் பிடிக்க முடிகிற, அல்லது கண்ணால் பார்க்க முடிகிற ஒரு பொருளைக் கொடுங்கள். அந்தப் பொருள் நம் ஊரில் தொடங்கி மாநிலத்துக்குள் எங்கெங்கே போகிறது என்று குழந்தை பின்தொடர்ந்து போகட்டும்.

சேலத்துப் பிள்ளைகளுக்கு நன்றாக அமைகிற பொருள்கள்: ஜவ்வரிசி, மேட்டூர்த் தண்ணீர், ஏற்காட்டுக் காப்பி, வெள்ளிக் கொலுசு, மாம்பழம், வெள்ளைக்கல், தம்மம்பட்டி மரச்சிற்பம், சங்ககிரிக் கோட்டை. இரும்பாலையைப் பிள்ளைகள் ஆசையாகக் கேட்பார்கள். ஆனால் உள்ளே போய்ப் பார்க்க முடியாது, பேசுவதற்கு ஆள் கிடைப்பதும் சிரமம். வீட்டில் யாராவது அங்கே வேலை செய்தால் மட்டும் சரி என்பேன். 'சுற்றுலா' என்ற தலைப்பு வேண்டவே வேண்டாம். அது பெயர்ப் பட்டியலாக முடியும்.

ஒரு பொருளுக்கு இரண்டு பேர். தனியாக விட்டால் கூச்சப்படும் குழந்தை ஒதுங்கிவிடும். நான்கு பேராகச் சேர்த்தால் ஒருவன் வேலை செய்ய மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள்.

கேள்வி எழுதும் வாரம்

அடுத்த ஒரு வாரத்துக்கு யாரும் விடை தேடக் கூடாது. கேள்வி மட்டும் எழுத வேண்டும். அவசரப்படும் பெற்றோர்களுக்கு இது நேர விரயமாகத் தெரியும், ஆனால் இந்த வாரத்தைச் சுருக்காதீர்கள்.

ஜவ்வரிசியை எடுத்துக்கொண்ட ஒரு மாணவி எழுதிய முதல் கேள்வி, 'ஜவ்வரிசி எந்த மாதத்தில் அறுவடை ஆகும்?' பெயரில் அரிசி இருப்பதால் வயலில் விளைவதாக நினைத்திருக்கிறாள். நான் திருத்தவில்லை. 'யாரிடம் கேட்டால் தெரியும்?' என்று மட்டும் கேட்டேன். அவளுடைய சித்தப்பா ஆத்தூர்ப் பக்கத்தில் ஜவ்வரிசி ஆலைக்குக் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளிக்கிழங்கு ஏற்றும் லாரி ஓட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமை அவரிடம் கேட்டுவிட்டுத் திங்கள்கிழமை வந்தவள் நோட்டில் எட்டுக் கேள்விகள் இருந்தன. கிழங்கைப் பிடுங்கியதும் ஏன் உடனே ஆலைக்குக் கொண்டுபோக வேண்டும்? அரைத்தால் வரும் பாலைத் தொட்டியில் எதற்காகத் தேக்கி வைக்கிறார்கள்? மாவு எப்படி உருண்டையாகிறது? நாம் பாயசத்துக்கு எப்போதாவதுதான் வாங்குகிறோம், மீதி மூட்டையெல்லாம் யார் சாப்பிடுகிறார்கள்?

கடைசிக் கேள்வியைப் பாருங்கள். அதற்கு விடை தேடப் போனால் வட இந்தியாவில் விரத நாட்களில் ஜவ்வரிசி சாப்பிடும் வழக்கம் வரும். 'ஏன் சேலத்தில் மட்டும் இத்தனை ஆலைகள்?' என்று ஒருபடி மேலே போனால் வரலாறு வரும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வெளிநாட்டு வரத்து நின்றபோது, 1943 வாக்கில் சேலத்தில் குச்சிக்கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். 1981இல் உற்பத்தியாளர்களுக்காக சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இதையெல்லாம் முதல் நாளே கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்தால் அவள் பார்த்து எழுதிவிட்டுப் போயிருப்பாள்.

கேள்விகளைத் தரம் பிரிக்க எளிய வழி உண்டு. ஒரு சொல்லில் விடை முடிந்தால் அது சின்னக் கேள்வி. 'ஏன்', 'எப்படி' என்று தொடங்கி, விடை சொல்ல இரண்டு ஆட்களாவது தேவைப்பட்டால் அது பெரிய கேள்வி. ஒவ்வோர் இணையும் இரண்டு பெரிய கேள்விகள், மூன்று சின்னக் கேள்விகள் வைத்துக்கொள்ளட்டும். அதற்கு மேல் போனால் முடிக்க மாட்டார்கள்.

அரைத்தாள் அட்டை

நோட்டில் எழுதச் சொன்னால் எல்லாம் கலந்துவிடும். பழைய அழைப்பிதழ் அட்டைகளையோ காலண்டர் தாள்களையோ பாதியாக வெட்டிக் கொடுங்கள். ஓர் அட்டைக்கு ஒரு செய்தி. முன்பக்கம் செய்தி, பின்பக்கம் 'எப்படித் தெரியும்?' என்பதற்கான விடை. யார் சொன்னார், எந்தப் புத்தகம், எத்தனையாம் பக்கம், என்று பார்த்தது, எங்கே பார்த்தது. பின்பக்கம் காலியாக இருந்தால் அந்த அட்டை செல்லாது. 'டீச்சர், எல்லாருக்கும் தெரியும்' என்பார்கள். அந்த எல்லாரில் ஒருவர் பெயரை எழுதச் சொல்லுங்கள்.

போனில் கேட்டுக் கிடைக்கும் விடைக்கும் இதே விதிதான். எந்த இணையதளம், அதை நடத்துவது யார் என்று பின்பக்கம் எழுத முடியாவிட்டால் அந்த அட்டை ஒதுக்கி வைக்கப்படும். சேலம் மாவட்ட நிர்வாகத்தின் இணையதளம் தமிழிலும் இருக்கிறது. அதைப் பெரியவர் ஒருவர் துணையோடு பார்க்கச் சொல்லலாம்.

முதலில் மனிதர்கள், பிறகு புத்தகம்

நம் பிள்ளைகளுக்குப் படிப்பதைவிடப் பேசுவது எளிது. ஆகவே ஆட்களிடமிருந்து தொடங்குங்கள். ஆனால் பேட்டி எடுக்கப் பழக்கித்தான் அனுப்ப வேண்டும். வகுப்பில் நான் பட்டறைக்காரராக உட்கார்ந்துகொள்வேன், பிள்ளைகள் வந்து கேட்க வேண்டும். 'வணக்கம்ங்க, நாங்கள் ஐந்தாம் வகுப்பு. கொலுசு செய்வதைப் பற்றிக் கேட்டு எழுத வந்திருக்கிறோம். இப்போது கேட்கலாமா, பிறகு வரட்டுமா?' இந்த ஒரு வரியைத் தடுமாறாமல் சொல்லப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது. வேலை நடக்கும் நேரத்தில் நாம் போய் நிற்கிறோம் என்ற மரியாதை அந்த வரியில் இருக்கிறது.

இணையில் ஒருவர் கேட்க வேண்டும், மற்றவர் எழுத வேண்டும். புரியாத சொல் வந்தால் அங்கேயே, 'அப்படியென்றால் என்னங்க?' என்று கேட்க வேண்டும். கம்பி இழுப்பது, பற்றவைப்பது, மெருகேற்றுவது என்று ஒரு கொலுசு பல கைகள் மாறி வருகிறது. ஒவ்வொரு கைக்கும் ஒரு சொல் வழக்கு உண்டு. அந்தச் சொற்களை அப்படியே எழுதி வரச் சொல்லுங்கள், பாடநூல் தமிழுக்கு மாற்ற வேண்டாம். மலைக் கிராமங்களிலிருந்து வரும் பிள்ளைகள் வீட்டில் பேசும் சொற்களை வகுப்பில் சொல்லத் தயங்குவார்கள். அவர்களுடைய பாட்டி சொன்னதைப் பாட்டி சொன்ன சொல்லிலேயே படிக்கச் சொல்லி, வகுப்பு அதைக் காது கொடுத்துக் கேட்கும்படி செய்வது ஆசிரியரின் பொறுப்பு. யாராவது சிரித்தால் பாடத்தை அங்கேயே நிறுத்துங்கள்.

காப்பி எடுத்த இணைக்குத் தோட்டத்து அம்மாக்கள்தான் பேராசிரியர்கள். கோடை மழையில் செடி பூப்பது, நவம்பரில் தொடங்கி ஜனவரி வரை பழம் பறிப்பது, நிழலுக்குச் சில்வர் ஓக் மரம் வளர்ப்பது, அதில் மிளகுக்கொடி ஏற்றுவது எல்லாம் அவர்கள் வாயால் வர வேண்டும். அதற்குப் பிறகுதான் புத்தகம். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார் என்பதை அங்கே படிக்கட்டும். அடிவாரத்திலிருந்து ஏற்காடு போகும் பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவுகளை எண்ணச் சொல்லுங்கள். இருபது வளைவுகளுக்கும் எண் பலகை உண்டு. சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 280 மீட்டர், ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர். 'கீழே மாந்தோப்பு, மேலே காப்பித் தோட்டம், ஏன்?' என்ற கேள்விக்கு அந்தப் பிள்ளைகள் தாங்களே விடை சொல்வார்கள்.

இரண்டு விடை வந்தால் கொண்டாடுங்கள்

தமிழ்நாட்டில் எத்தனை மாவட்டங்கள்? ஒரு மாணவன் 32 என்று அட்டை கொண்டுவந்தான், இன்னொருத்தி 38 என்று கொண்டுவந்தாள். இருவரும் அட்டையின் பின்பக்கம் எழுதியிருந்தார்கள். யார் சொன்னது சரி என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை, இரண்டு புத்தகங்களும் அச்சான ஆண்டைப் பார்க்கச் சொன்னேன். 2019இல் கள்ளக்குறிச்சி, தென்காசி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று ஐந்து புதிய மாவட்டங்கள், 2020இல் மயிலாடுதுறை. அந்தந்தப் புத்தகம் வந்த காலத்தில் இரண்டுமே சரி. ஆண்டைச் சேர்க்காத எண்ணுக்கு மதிப்பில்லை என்பது அன்றைக்கு வகுப்புக்கே விளங்கிவிட்டது. மக்கள்தொகையையும் இப்படித்தான், '2011 கணக்கெடுப்பின்படி 7.21 கோடி' என்று ஆண்டோடு சேர்த்துச் சொல்லப் பழக்குங்கள்.

நம் மாவட்டமே இதற்கு நல்ல பாடம். பழைய நூலகப் புத்தகத்தில் சேலம் மாவட்டத்துக்குள் தருமபுரியும் நாமக்கல்லும் இருக்கும். 1965இல் தருமபுரியும் 1997இல் நாமக்கல்லும் தனியாகப் பிரிந்தன. நாமக்கல்லில் இருக்கும் தாத்தா, 'நான் சேலம் ஜில்லாக்காரன்' என்று சொன்னால் அதுவும் ஓர் ஆவணம்தான். மூன்று தாள்களில் மூன்று காலத்துச் சேலத்தை வரைந்து பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுங்கள். அதுவரை வெறும் கோடாகத் தெரிந்த வரைபடம் பிள்ளைகளுக்கு அப்போது உயிர் பெறும்.

தண்ணீரோடு மாநிலத்தைச் சுற்றுவது

ஊரிலிருந்து மாநிலத்துக்குப் போக மேட்டூரைப் போன்ற வழி வேறில்லை. நாளிதழில் தினமும் மேட்டூர் அணையின் நீர்மட்டம் வருகிறது. மேட்டூர் இணை அதை வெட்டி ஒட்டி, கட்டம் போட்ட தாளில் புள்ளி வைத்துக்கொண்டே வரட்டும். அணையின் முழுக் கொள்ளளவு 120 அடி உயரத்துக்கு 93.47 டி.எம்.சி. என்பதை அவர்களே அந்தச் செய்தியிலிருந்து கண்டுபிடிப்பார்கள். கோடு ஏறினால் எங்கே மழை, இறங்கினால் யாருக்குத் தண்ணீர் போகிறது என்ற கேள்விகள் தாமாக எழும். ஏறியதற்குக் காரணம் தேடினால் கர்நாடகத்து மழைவரை போக வேண்டியிருக்கும்.

பிறகு வகுப்பறைத் தரையில் சுண்ணாம்புக்கட்டியால் தமிழ்நாட்டைப் பெரிதாக வரையுங்கள். பிள்ளைகள் ஏறி நிற்கும் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். நீல நூல்கண்டின் நுனியை மேட்டூரில் நிற்கும் பிள்ளை பிடித்துக்கொள்ள, கண்டு உருண்டு பவானிக்குப் போகட்டும், ஈரோட்டுக்குப் போகட்டும், முக்கொம்பு, கல்லணை தாண்டித் தஞ்சாவூரில் பல கிளையாகப் பிரிந்து பூம்புகாரில் கடலைத் தொடட்டும். வழியில் ஒவ்வோர் ஊரிலும் ஒரு பிள்ளை நிற்க வேண்டும். குறுவைக்காக ஜூன் 12இல் மேட்டூரைத் திறப்பது மரபு என்றும், திறந்த தண்ணீர் கல்லணையை எட்ட மூன்று நான்கு நாட்கள் ஆகும் என்றும் சொன்னால், தஞ்சாவூரில் நிற்கும் பிள்ளை, 'டீச்சர், எங்களுக்கு இன்னும் வரவில்லை' என்று கூவும். 1925இல் தொடங்கி 1934இல் முடிந்த அணை என்பது அதற்குப் பிறகு மறக்காது.

மற்ற இணைகளும் தங்கள் பொருளை அதே வரைபடத்தில் நகர்த்தலாம். வெள்ளைக்கல்லைச் சூளையில் சுட்டுச் செய்யும் செங்கல், கொதிக்கும் எஃகு உலைக்கு உட்சுவராகிறது. நம் ஊர்க் கல் எந்தெந்த உலைக்குப் போகிறது என்று கேட்டு வரச் சொல்லுங்கள். சங்ககிரி இணைக்கு 1805ஐ எழுதிக்கொடுங்கள். தீரன் சின்னமலையைத் தூக்கிலிட்டது அந்தக் கோட்டையில்தான். ஆடிப்பெருக்கு அன்று அங்கே மாலை போடுவதைப் பார்த்த பெரியவர் ஒருவர் கட்டாயம் கிடைப்பார்.

மாநிலச் சின்னங்களைக் கடைசியில் வையுங்கள். பட்டியலாகச் சொல்லாமல் வரைபடத்தில் அது வாழும் இடத்தில் நிறுத்துங்கள். 'நம் சேர்வராயன் மலையில் வரையாடு ஏன் இல்லை?' என்று கேளுங்கள். வரையாடு மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரமான புல்வெளிகளிலும் பாறைச் சரிவுகளிலும் வாழும் விலங்கு. நம் மலை கிழக்குத் தொடர்ச்சியைச் சேர்ந்தது. இந்த ஒரு கேள்வியில் இரண்டு மலைத்தொடர்களும் பதிந்துவிடும். பனைமரத்துக்கு வரைபடம் தேவையில்லை, பள்ளியைச் சுற்றி எண்ணச் சொல்லுங்கள்.

தாத்தாவின் பள்ளிச் சான்றிதழ்

பெயர் எப்படி வந்தது என்பதைப் பேச ஒரு பொருள் வேண்டும். வீட்டில் பெரியவர்களின் பழைய பள்ளிச் சான்றிதழோ பத்திரமோ இருந்தால் பார்த்துவரச் சொல்லுங்கள். எடுத்து வர வேண்டாம், தொலைந்தால் திரும்பக் கிடைக்காது. பார்த்து எழுதி வந்தால் போதும். 1969க்கு முந்தைய தாளில் மாநிலத்தின் பெயர் 'மெட்ராஸ்' என்று இருக்கும். 1956 நவம்பர் 1இல் மொழிவாரியாக எல்லை வகுக்கப்பட்டது. தமிழ்நாடு என்று பெயர் வைக்கக் கோரி விருதுநகரில் உண்ணாவிரதம் இருந்த சங்கரலிங்கனார் அந்த ஆண்டு அக்டோபரிலேயே உயிர் நீத்தார். 1967 ஜூலை 18இல் சட்டமன்றத்தில் தீர்மானம், 1969 ஜனவரி 14இல் புதிய பெயர் நடைமுறைக்கு வந்தது. ஒருவர் தம் உயிரையே கொடுத்துக் கேட்ட பெயர் அது என்று தெரிந்த குழந்தை, அதை வெறும் முகவரியின் கடைசி வரியாக எழுதாது. இதை நான் பாடமாக நடத்துவதில்லை, மெதுவாகச் சொல்கிறேன், பிள்ளைகள் அமைதியாகக் கேட்கிறார்கள்.

எழுந்து நின்று சொல்வது

உரை எழுதி மனப்பாடம் செய்ய விடாதீர்கள். ஐந்து அட்டை, ஒரு பொருள், மூன்று நிமிடம். 'மதிப்பிற்குரிய தலைமை ஆசிரியர் அவர்களே' என்று தொடங்கும் நீண்ட வணக்கத்தில் பிள்ளைகளின் மூச்சும் தைரியமும் தீர்ந்துவிடும். ஒரு வணக்கம் போதும், அடுத்த வரியில் பொருளைக் கையில் தூக்கிக் காட்ட வேண்டும். ஜவ்வரிசி மாணவி ஒரு கையில் மண் ஒட்டிய கிழங்கும் மறு கையில் வெள்ளை உருண்டைகளுமாக வந்து நின்று, 'இது எப்படி இதுவாகிறது, சொல்லுங்கள் பார்க்கலாம்' என்று கேட்டாள். பின்வரிசைப் பையன்கள்கூட எழுந்து நின்றார்கள்.

சார்ட் இருக்கலாம், ஆனால் அதில் படமும் வரைபடமும் மட்டும் இருக்கட்டும். வாக்கியம் இருந்தால் குழந்தை திரும்பிப் படிக்கும். குரலுக்குப் பயிற்சி வெளியில்தான்: ஒருவர் படிக்கட்டில் நின்று சொல்ல, இணையாள் மைதானத்தின் அந்தக் கோடியில் நின்று கேட்டதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். மிகவும் கூச்சப்படும் குழந்தைக்குப் பொருளைக் காட்டும் வேலையையும் ஒரே ஒரு அட்டையையும் கொடுங்கள். அந்த ஓர் அட்டை அவனே கேட்டு எழுதியதாக இருந்தால் குரல் வரும்.

சொல்லி முடித்ததும் கேட்டவர்கள் கேள்வி கேட்க வேண்டும். அதிலும் குறைந்தது ஒரு கேள்வி, 'உங்களுக்கு எப்படித் தெரியும்?' என்பதாக இருக்க வேண்டும். அட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படித்துக் காட்டும்போது அந்தக் குழந்தையின் முகத்தில் வரும் உறுதியை நீங்கள் பார்க்க வேண்டும். விடை இல்லாவிட்டால், 'தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறோம்' என்று சொல்லலாம். அப்படிச் சொல்லி மறுநாள் கேட்டுவந்தால் தனியாகப் பாராட்டுங்கள். முதல் பரிசு, இரண்டாம் பரிசு வேண்டாம். பரிசு என்று அறிவித்தவுடன் வேலை மறுபடி அம்மாவின் கைக்குப் போய்விடும்.

முடிந்தால் பேட்டி கொடுத்தவர்களை அன்று பள்ளிக்கு அழையுங்கள். பட்டறைக்காரரும் லாரி ஓட்டுகிற சித்தப்பாவும் தோட்டத்து அம்மாவும் பெஞ்சில் உட்கார்ந்து தங்கள் பெயர் ஆதாரமாகப் படிக்கப்படுவதைக் கேட்கட்டும். தவறாக எழுதியிருந்தால் அங்கேயே திருத்துவார்கள், அதையும் அட்டையில் எழுதிக்கொள்ளலாம். நாள் கூலிக்குப் போகிறவர்கள் ஒரு நாளை விட முடியாது என்பதால், நிகழ்ச்சியை மாலை நான்கு மணிக்கு வைப்பது நல்லது.

அட்டைகளைக் குப்பையில் போடாதீர்கள். பொருள்வாரியாக உறையிலிட்டு, உறை மேல் ஆண்டை எழுதி அலமாரியில் வையுங்கள். அடுத்த ஆண்டு ஐந்தாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்கு முதல் வேலையாக அதைக் கொடுங்கள்: எந்த அட்டை இன்னும் சரி, எந்த விலை மாறியிருக்கிறது, எந்தப் பட்டறை மூடியிருக்கிறது என்று போய்க் கேட்டு, பின்பக்கத்தில் புதிய தேதியோடு எழுதிவரச் சொல்லுங்கள்.